மேனேஜரின் கழுத்து

குதிரைக்கு முதுகு பார்க்க எனக்கு ஒரு முக்காலி வேண்டும். என் உயரம் அப்படி. அன்று காலையும் லாயத்தில் முக்காலி மேல் ஏறி நின்று, ஒரு செம்பழுப்புக் குதிரையின் இடுப்பில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு, அது எப்போது மூச்சை விடும் என்று காத்திருந்தபோதுதான் போன் அடித்தது. குதிரை திரும்பி என் சட்டைப் பையை முறைத்தது. எடுத்தால் ஒரு பெண் குரல், "நாய்க்கெல்லாம் பார்ப்பீங்களா?" என்றது. மனிதர்களுக்கும் பார்ப்பேன் என்றேன். "மனுஷங்களுக்கு ஒண்ணும் இல்ல. நாய்க்குத்தான் கழுத்து திரும்ப மாட்டேங்குது." இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறவர்கள் வீட்டில் மனிதர்களுக்குத்தான் ஏதாவது இருக்கும். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன்.

காலையில் குதிரைகள், மதியம் நாய்கள், சாயங்காலம் அவற்றின் சொந்தக்காரர்கள். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. பிடித்துக்கொண்ட மூட்டைக் கையாலேயே நகர்த்திவிடுவேன், 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அதனால் எல்லோருக்கும் நான் நெட்டி டாக்டர். மூன்று வகையிலும் குதிரைதான் உத்தமம். வலித்தால் உதைக்கும், சுகமாக இருந்தால் உதட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். நாய்கள் கொஞ்சம் நடிக்கும். சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, "வலியே இல்ல டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியின் கைப்பிடியைத் தேடுவார்கள். அவர்கள் முதுகைவிட வாயைத் திறக்க வைப்பதுதான் எனக்குப் பெரும்பாடு.

போனில் பேசியவர் கணக்கு டீச்சர். மதியம் கணவரோடு வந்தார். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இருவருக்கும் நடுவில், நீளக் காதும் தொங்கிய கன்னமுமாக, யாரோ விடுப்பு கேட்டு வந்திருப்பதுபோல நம்மைப் பார்க்கிற ஒரு பழுப்பு நாய். பெயர் மேனேஜர். கழுத்தைத் தடவிப் பார்த்தேன். சங்கிலியை இழுக்கிற நாய்க்கு ஒரு பக்கம்தான் இறுகும். இதற்கு இரண்டு பக்கமும் கட்டையாக இருந்தது. "வீட்டுல என்னதான் பண்ணுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணாது. சும்மா உக்காந்திருக்கும்," என்றார் டீச்சர்.

கண்ணாடிக்காரர் குனிந்து நாயிடம், "மேனேஜர், ராத்திரியெல்லாம் முனகுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லு," என்றார்.

"எனக்குத் தெரியும்னு சொல்லு மேனேஜர்," என்றார் டீச்சர், அதே நாயிடம்.

மேனேஜர் முதலில் அவரைப் பார்த்தது, பிறகு இவரைப் பார்த்தது. கழுத்து வராததால் மேஜை விசிறி மாதிரி உடம்போடு திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்ன முனகல். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் மறுநாள் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். முன்னறையில் கணவர், சமையலறையில் டீச்சர், நடு வாசற்படியில் மேனேஜர். மின்சாரக் கட்டணம், அடுப்பில் பால், கதவு தட்டுகிற ஆள், எல்லாமே மேனேஜர் வழியாகத்தான் போய்வந்தன. அரை மணி நேரத்தில் முப்பத்தொரு தடவை உடம்போடு திரும்பியது. நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டு அது திரும்பி வரும்வரை காத்திருந்தார்கள். சிரிப்பை அடக்க நான் ஜன்னலைப் பார்க்க வேண்டியிருந்தது.

வாசல்வரை வழியனுப்ப வந்தபோது டீச்சர் சொன்னார். வேறொரு ஊரில் தலைமையாசிரியை வேலை வந்திருக்கிறது. இரண்டு வருடம் அங்கேயே தங்க வேண்டும். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமாகக் கடைக்குப் போனாராம். கணவர் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். "போய்ட்டு வா" என்றாராம். "தலையக்கூட நிமிர்த்தல டாக்டர். கடைக்குப் போய்ட்டு வான்ற மாதிரி. இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு எங்களுக்குக் கல்யாணம் ஆகி." அன்றிலிருந்து நாற்பது நாளாக நேரடிப் பேச்சு இல்லை. போகிறேனா இல்லையா என்று அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தாக வேண்டும். "போயிட்டேன்னா, போயிட்டதுதான்," என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருடத்தில் திரும்பி வருகிறவர் பேச்சாக அது கேட்கவில்லை.

நான் நாய்க்கு வைத்தியம் பார்க்கப் போனவள். நாய்க்கு என்ன தேவையோ அதைச் சொன்னேன். கழுத்தை இரண்டு தடவை சரிசெய்துவிட்டு, "பத்து நாளைக்கு இதுகிட்ட யாரும் எந்தச் சேதியும் சொல்லி அனுப்பக் கூடாது," என்று கண்டிப்பாகச் சொன்னேன். அப்படியாவது நேராகப் பேசித் தொலைப்பார்கள் என்று ஒரு நப்பாசை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பத்தாம் நாள் சனிக்கிழமை வந்தார்கள். மேனேஜரின் கழுத்து வெண்ணெயாக இருந்தது. மற்ற இரண்டு பேரையும்தான் பார்க்கச் சகிக்கவில்லை. டீச்சருக்கு வலது தோள் காதுவரை ஏறியிருந்தது. கண்ணாடிக்காரர் நடுவில் மடித்த அட்டை மாதிரி நின்றார்.

"மூணு நாளா சாப்பாட்டுல உப்பு இல்ல டாக்டர்," என்று என் காதருகே வந்து சொன்னார். "யார்கிட்ட சொல்றது? அதான் நீங்க தடை போட்டுட்டீங்களே."

டீச்சருக்குக் கேட்டுவிட்டது. "குளியலறைத் தாழ்ப்பாள் உடைஞ்சிருக்குன்னு இவருக்கு நாலு நாளா தெரியுமாம் டாக்டர். யாரும் சொல்லல. உள்ள முக்கால் மணி நேரம் மாட்டிக்கிட்டேன். மேனேஜர் வந்து குரைச்சாதான் திறந்து விடணுமா?"

எனக்குச் சுரீர் என்றது. நாயைக் குணப்படுத்துகிறேன் என்று அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே பாதையையும் அடைத்திருக்கிறேன். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். "டீச்சர், முதல்ல அந்தத் தோளைப் பார்க்கலாம், படுங்க," என்றேன்.

என் பெஞ்சில் குப்புறப் படுத்தால் முகம் வைக்க ஒரு ஓட்டை இருக்கும். டீச்சர் முகத்தை அதில் பொருத்திக்கொண்டார். கைகள் இரண்டு பக்கமும் தொங்கின. நான் முதுகின் மேல்புறத்தில் உள்ளங்கைகளை வைத்து, மூச்சை விடச் சொல்லிக் காத்திருந்தேன். அதற்குள் மேனேஜர் பெஞ்சுக்கு அடியில் புகுந்து, ஓட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. மூச்சு வரவில்லை, பேச்சுதான் வந்தது.

"மேனேஜர், திங்கக்கிழமை நான் சரின்னு எழுதிக் குடுக்கப் போறேன். உங்க ஐயாவுக்கு அதுல ஒண்ணும் இல்ல."

வைத்தியத்தை மீறுகிறாரே என்று கண்டிக்க வாயெடுத்தேன். மேனேஜர் அண்ணாந்த தலையை இறக்கி, கண்ணாடிக்காரர் பக்கம் முழுசாகத் திருப்பியது. ஒரு பிடிப்பு இல்லை, ஒரு முனகல் இல்லை. அந்த நேரத்திலும் எனக்குத் தொழில் பெருமை வந்தது.

கண்ணாடிக்காரர், "மேனேஜர்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்து ஒரு முழங்காலை மடித்தார், அப்புறம் இன்னொன்றை. தரையில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் போகிற மெக்கானிக் போல முதுகை இழுத்து இழுத்துப் பெஞ்சுக்கு அடியில் போனார். "தள்ளுடா கொஞ்சம்," என்று நாயை நகர்த்தினார். மேனேஜர் வெளியே வந்து, வேலை பறிபோன முகத்தோடு என் காலருகில் உட்கார்ந்தது.

கீழேயிருந்து குரல் வந்தது.

"போகாதன்னு சொன்னா நீ நின்னுடுவ. அதான் பயம். நின்னுட்டு, அப்புறம் ஒவ்வொரு நாளும் என்னைப் பார்க்கும்போது..." பெஞ்சுக்கு வெளியே நீட்டியிருந்த பாதங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. "நிமிர்ந்து பார்த்திருந்தா என் மூஞ்சியிலயே தெரிஞ்சிருக்கும். அதான் நிமிரல," என்றார்.

என் உள்ளங்கைக்குக் கீழே டீச்சரின் முதுகு பலகை போல இருந்தது. ஒரு மூச்சு உள்ளே போனது. வெளியே வர வெகுநேரம் எடுத்துக்கொண்டது. வந்தபோது, 'டக்' என்றது. சத்தியமாக நான் அழுத்தவே இல்லை.

"கண்ணாடிய முதல்ல துடைங்க," என்றார் டீச்சர். "ஒரு மூஞ்சியும் தெரியல."

"காலையில துடைச்சேனே."

"துடைச்ச லட்சணம். குடுங்க இப்படி."

பெஞ்சுக்கு அடியிலிருந்து கண்ணாடியைப் பிடித்தபடி ஒரு கை நீண்டது. டீச்சர் முகத்தை எடுக்காமலேயே அதைத் தேடி வாங்கி, பெஞ்சில் விரித்திருந்த துண்டின் நுனியை இழுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது காலையில் குதிரை முதுகில் போட்ட துண்டு. ஒரு பக்கம் துடைத்து, மறுபக்கம் துடைத்து, திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். துடைத்து முடித்தும் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கீழேயிருந்து நீண்ட கை, உள்ளங்கையை விரித்தபடி அங்கேயே காத்திருந்தது.