ஒழுங்கையில் முப்பத்துநான்கு குதிரைகள்

"இருபது பேர்ச் காணிக்கு ஒரு வீடு. சட்டம் அப்பிடித்தான் அம்மா. உங்கடை வளவு இருபத்திரண்டு பேர்ச். அதிலை ஏற்கெனவே ஒரு வீடு நிக்குது."

கட்டடச் சபையின் கிளாக்கர் கனகசுந்தரம் இதைச் சொல்லும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்த வீட்டுப் பிளானை றுக்கியா கையில் வாங்கினாள்.

"நிக்கிற வீடு மூத்தவள் ஸுல்பிகாவுக்குச் சீதனமா எழுதினது ஐயா. இளையவள் லைலாவுக்குப் பின்வளவுக்குள்ள ரெண்டு அறை போதும். இப்ப அங்க கோழிதான் மேயுது."

"கோழிக்குத் தடையில்லை."

"மனிசருக்கு?"

"மனிசருக்குக் காத்து வேணும். நெருக்கமாக் கட்டினால் காத்து அடைபடும். வெள்ளைக்காரன் யோசிச்சு எழுதின சட்டம்."

வெள்ளைக்காரன் யோசித்தது உண்மைதான். உட்துறைமுகத்தைப் பார்த்தபடி தன் கடற்படை அதிகாரிகளுக்கு ஒன்பது பங்களாக்களைக் கட்டினான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஏக்கர் விட்டான். அந்தக் காற்று கெட்டுவிடாமல் பக்கத்துத் தெரு ஒழுங்கைகளுக்கும் சேர்த்துச் சட்டம் எழுதினான். கடற்படை போய் நான்கு வருடமாகிவிட்டது. எட்டுப் பங்களாக்களில் காகங்கள் குடியிருந்தன. ஒன்பதாவதில் கட்டடச் சபைத் தலைவர் ஸெய்னுதீன் ஹாஜியார் குடியிருந்தார். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குப் பதினொரு பேர். காற்று மட்டும் தாராளம்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காது. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வரவேண்டும். லைலாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை பாயிஸ், பள்ளிக்கூட வாத்தியார். அவனுடைய உம்மா நபீஸா அன்று பின்னேரமே வந்து கதிரையில் அமர்ந்தாள்.

"மதினி, பேச்சு முடிஞ்சு ரெண்டு வருஷம். என்ட மகன் எந்தக் கூரைக்குக் கீழ வந்து இரிக்கிற?"

"சபையில விடுறாங்க இல்லையே."

"சபைக்கா நான் மகனக் குடுக்கிறன்? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தி ஓடு ஏறணும். இல்லாட்டி கிண்ணியாவில ஒரு இடம் வந்திரிக்கி. அங்க வீடு முடிஞ்சு, ஜன்னலுக்குத் திரையும் போட்டாச்சாம்."

குசினிக்குள் லைலா, கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மருமகன் என்ன சொல்றார்?" என்று கேட்டாள் றுக்கியா.

"திரை என்ன நிறமெண்டு கூட அவன் கேக்கல்ல. அதுதான் எனக்குப் பயம்."

அடுத்த வீட்டுப் புஷ்பவதி வக்கீல் புறக்டரின் கந்தோரில் தட்டச்சு அடிப்பவள். சட்டப் புத்தகத்தை இரண்டு நாள் இரவல் வாங்கிவந்து, வேலிக்கு மேலாகக் கூப்பிட்டாள்.

"றுக்கியா, இதைக் கேள். வீட்டோடை சேர்ந்த குதிரை லாயம், வீடு எண்ட கணக்கிலை வராதாம்."

"குதிர லாயம் எனக்கென்னத்துக்கு அக்கா?"

"பொறு. ஒரு குதிரைக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ரெண்டு ஜன்னல். சீமெந்து நிலம். ஓட்டுக் கூரை. தண்ணிக் குழாய். கழுவுறதுக்கு மறைப்போடை ஒரு இடம். கொள்ளு அவிக்க அடுப்பு, அதுக்குப் புகைக்கூடு."

"ரெண்டு குதிரைக்கு?"

"ரெண்டு அறை."

"அடுப்பு?"

"கட்டாயம். அடுப்பில்லாட்டி அனுமதி இல்லை."

"அல்லாஹ்! ஸுல்பிகாட வீட்டுக்குப் புகைக்கூடு இல்லையே!"

அதே பிளான்தான். தலைப்பை மட்டும் புஷ்பவதி மாற்றி அடித்தாள். ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது. கனகசுந்தரம் எழும்பி நின்று கொடுத்தார்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே அம்மா. குதிரைக்கு ஆர் மறுத்தது? காத்துக்கு ஒரு ஜன்னல் கூடப் போடுங்கோ. பாவம், வாயில்லாச் சீவன்."

"வாயுள்ளதுக்குத்தான் இடமில்ல ஐயா."

"குதிரை எங்கை நிக்குது?"

"லாயம் இல்லாம எங்க கட்டுற? முதல்ல கட்டடம், பிறகு குதிர."

அது நியாயமாகவே பட்டது அவருக்கு.

பின்வளவில் சுவர் எழும்பியது. ஒழுங்கையில் கண் இல்லாதவர் யாரும் இல்லை. அடுத்த வாரம் சின்னராசா ஒரு லாயத்துக்கு மனுப் போட்டான், மகளுக்குக் கலியாணம். முத்தலிப் இரண்டு லாயம் கேட்டார்; இரட்டைப் பெண்பிள்ளைகள். இரண்டு மாதத்தில் மொத்தம் முப்பத்துநான்கு லாயங்களுக்கு மனு. கனகசுந்தரம் எல்லாவற்றுக்கும் முத்திரை குத்தி முடித்த பிறகுதான் ஹாஜியார் பதிவேட்டைப் புரட்டினார். உடனே எல்லோரையும் சபை மண்டபத்துக்கு வரச்சொன்னார்.

"இந்த ஊரில கடைசிக் குதிர செத்து எத்தின வருஷம்? ஆரை ஏமாத்துறீங்க?"

"ஒருத்தரையும் இல்ல ஹாஜியார்," என்று எழும்பினாள் றுக்கியா. "லாயத்தச் சட்டத்திலயிருந்து நீங்களே வெட்டி விடுங்க. பத்துப் பேர்ச்சுக்கு ஒரு வீடு எண்டு சட்டத்தத் திருத்துங்க. மாடி கட்ட விடுங்க. குதிரைக்கு நாங்க ஏன் ஆசைப்படுறம்?"

"பத்துப் பேர்ச்சா? ஏரியாட தராதரம் என்னாகும்? ஆக்கள் வந்து குவிஞ்சிருவாங்க."

"ஆக்கள் எப்பவோ வந்தாச்சு. நாங்கதான் பெத்தம். வீடுதான் இன்னும் வரல்ல."

"சட்டத்தத் திருத்தக் கொழும்புக்கு எழுதணும். லாயத்த நான் இண்டைக்கே நிப்பாட்டுவன். கட்டினதெல்லாம் உடைபடும்."

றுக்கியா முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பெருநாளுக்குப் பதின்மூன்று நாள்தான் இருந்தது. ஓடு வந்து இறங்கியிருந்தது.

அப்போது புஷ்பவதி எழும்பினாள்.

"கிளாக்கர் ஐயா, உங்கடை வீட்டு விலாசம் என்ன?"

கனகசுந்தரம் பேனையைப் பார்த்தார். "இலக்கம் ஒன்பது, கப்பல்முனை வீதி."

"அது ஹாஜியாற்றை பங்களா எல்லோ?"

"நான் பின்பக்கம்."

"பின்பக்கத்திலை என்ன கட்டடம்?"

கனகசுந்தரம் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் கூரையைப் பார்த்தார்.

"லாயம்," என்றார் கனகசுந்தரம்.

"எத்தினை பேர் இருக்கிறியள்?"

"நானும் மனிசியும் நாலு பிள்ளையளும். இந்த ஊரிலை வேறை வீடு கிடைக்கேல்லை. நானும் தேடினனான்தானே."

மண்டபம் சிரித்து முடிய நேரம் எடுத்தது. றுக்கியா மட்டும் சிரிக்காமல் கேட்டாள்:

"காத்து எப்பிடி ஐயா?"

"காத்துக்குக் குறைவில்லை அம்மா."

ஹாஜியார் தண்ணீர் குடித்தார். லாயச் சட்டத்தை நிறுத்தினால் முதலில் எந்த லாயம் காலியாகும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆகவே தீர்மானம் வேறு மாதிரி வந்தது. லாயங்கள் இருக்கலாம். ஆனால் பத்து நாளுக்குள் ஒவ்வொரு லாயத்திலும் ஒரு குதிரையும் ஒரு குதிரைக்காரனும் பதியப்பட வேண்டும். பதியாத லாயம் இடிக்கப்படும். பத்துப் பேர்ச் விஷயத்தை ஆராய ஒரு குழு. குழு எப்போது கூடும் என்பதை ஆராய இன்னொரு குழு.

பெருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது கனகசுந்தரம் பதிவேட்டோடு றுக்கியாவின் பின்வளவுக்கு வந்தார். ஓடு ஏற்றி முடிகிற நேரம். நபீஸா கூரையைப் பார்வையிட வந்திருந்தாள். பாயிஸ் சாரத்தை மடித்துக் கட்டி, ஏணியில் நின்று ஓடு கொடுத்துக்கொண்டிருந்தான்.

"குதிரைக்காரன் பேர்?"

"மருமகன எழுதுங்களன்," என்றாள் றுக்கியா மெதுவாக.

நபீஸா துள்ளி எழும்பினாள். "என்ட மகன் வாத்தியார்! குதிரைக்காரன் எண்டு எழுதினா நாளைக்கு வகுப்பில பிள்ளைகள் கனைப்பாங்க. இந்த வீடும் வேணாம், இந்தச் சம்பந்தமும் வேணாம்!"

"அவரை எழுத வேணாம்." லைலா குசினி வாசலில் நின்றாள். "வீடு என்ட பேரிலதானே வருது. நான்தான் குதிரைக்காரி. எழுதுங்க ஐயா."

கனகசுந்தரம் எழுதினார். "சரி. குதிரை?"

கூரையில் நின்ற மேசன் கையை நிறுத்தினான்.

"என்னப் போடுங்க," என்றான் பாயிஸ் ஏணியிலிருந்து.

"டேய்!"

"உம்மா, குதிரைக்காரன் எண்டுதானே போடக் கூடா எண்டீங்க."

கனகசுந்தரம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வயது?"

"இருபத்தாறு."

"நிறம்?"

லைலா இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். "மாநிறம்."

"உதைக்கிற பழக்கம் இருக்கா?"

"பழக்கி எடுக்கலாம் ஐயா," என்றாள் லைலா.

முத்திரை விழுந்தது. நபீஸா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "என்ட ஒரே ஒரு புள்ள!"

"கவலைப்படாதேங்கோ அம்மா," என்றார் கனகசுந்தரம், பதிவேட்டை மூடியபடி. "நாலு வருஷமா என்ரை வீட்டிலை நான்தான் குதிரை. பழகிப்போகும்."

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் கலியாணம் நடந்தது. புகைக்கூட்டுக்குக் கீழே பிரியாணிச் சட்டி ஏறியது.

சபையின் ஆண்டறிக்கை கொழும்புக்குப் போனது: துறைமுகப் பக்கத்தில் வீட்டுப் பஞ்சம் இல்லை, குதிரைகள் முப்பத்துநான்கு. கொழும்பு வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குதிரைகளுக்காக மிருக வைத்தியர் ஒருவரை அனுப்பியது. அவர் பதிவேட்டில் முதலாம் இலக்கத்தைத் தேடி வந்தபோது, பாயிஸ் மேசையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தான். வைத்தியர் பதிவேட்டைப் பார்த்தார், பாயிஸைப் பார்த்தார், லைலா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்.

பிறகு றுக்கியாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"அம்மா, நான் ஒரு மாசமா வாடிவீட்டு அறையிலை தங்கியிருக்கிறன். மனிசி பிள்ளையளைக் கூப்பிட வேணும். இங்கை எங்கையாவது ஒரு வீடு எடுக்கலாமோ?"

"இருபது பேர்ச் காணி வச்சிரிக்கீங்களா?"

"இல்லை."

"அப்ப," என்றாள் றுக்கியா, "ஒரு குதிரையாவது இரிக்கா?"