ஒரு முகம் விடாமல்

கல்யாண வீட்டில் வீடியோ எடுப்பவனுக்கு ஒரே வேதம்தான்: ஒரு முகத்தையும் விடக்கூடாது. மணப்பெண்ணைக் கொஞ்சம் குறைத்து எடுத்தால்கூட மன்னித்துவிடுவார்கள். மூலையில் உட்கார்ந்து சாப்பிட்ட பெரியப்பாவை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்கு என் போன் ஓயாது. எனக்கு இது இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

அந்தப் பழக்கத்தோடுதான் திங்கட்கிழமை அரசு மருத்துவமனை வாசலுக்குப் போனேன். பிரசவ வார்டை மூடக்கூடாது என்று நர்சுகளும் ஊர்ப் பெண்களும் உட்காரப்போகிறார்கள், முழுவதையும் எடுத்துக் கொடு என்று காவல் நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். முதல் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவள் அந்த வார்டின் நர்ஸ், என் அக்கா.

வரிசை வரிசையாகப் போய் முகத்துக்கு ஐந்து விநாடி நின்றேன். பாதிப் பேருக்குக் கல்யாண வீடியோ எடுத்தவனே நான்தான். "கொஞ்சம் நிமிந்து பாருங்க" என்றால் நிமிர்ந்தார்கள், முடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்கள். மூன்று மணிக்கு எழுந்து, உட்கார்ந்த இடத்தைப் பெருக்கிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை அக்கா போலீஸ் போட்ட வழக்கின் தாளோடு என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டரை மணிக்குக் கல் எறிந்தார்களாம். அக்காவோடு சேர்த்து ஐந்து பேர் மேல் வழக்கு. கூட இருந்த அடையாளம் தெரியாத நூறு பேரை வீடியோவைப் பார்த்துப் பிடிப்பார்களாம். குற்றம் நிரூபணமானால் அக்காவின் வேலை போய்விடும்.

"ரெண்டரைக்குக் கல்லா? அப்ப நான் எங்கக்கா இருந்தேன்?"

"என்னைக் கேக்கறியா? கேமராவோட நீதானேடா நின்னே."

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். ஓரத்தில் நேரம் ஓடியது. கல் எங்கும் இல்லை. முகங்கள்தான், ஒவ்வொன்றும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. அழித்தால் நூறு பேர் தப்பிப்பார்கள், கல் எறியவில்லை என்பதற்குச் சாட்சி இருக்காது. கொடுத்தால் சாட்சி இருக்கும், நூறு பேரும் மாட்டுவார்கள். இருதலைக்கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது எறும்பின் பிரச்சினை என்றே நினைத்திருந்தேன்.

"என்னக்கா செய்யறது?"

"எங்களைப் பாக்கணும்னுதானே உக்காந்தோம். முகத்தை மூடிக்கிட்டா உக்காந்தோம்?"

"அப்ப குடுத்துடவா?"

திரையில் கைக்குழந்தையோடு ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளையே பார்த்தாள். "தெரியலடா. இவ என்னை நம்பி வந்தவ."

சின்ன வயதிலிருந்து அவள் சொல்லித்தான் நான் எதையும் செய்திருக்கிறேன். அவளுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, கேமரா கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் முடிவுசெய்யாமலே மத்தியானம் காவல் நிலையத்துக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனநிலையில் இருந்தார். கார்டைத் தன் லேப்டாப்பில் போட்டார். "முதல்ல பூரா பாத்துடுவோம். அப்புறம் ஒவ்வொரு முகமா நிறுத்தறேன், நீ பேர் சொல்லு. உனக்குத் தெரியாத ஆளா?"

வரிசைகள் ஓடின. கடைசி வரிசை முடிந்ததும் கேமரா மரத்தடிக்குத் திரும்பியது. வேதம் வேதம்தானே, போலீஸ்காரர்களையும் நான் விடவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் கேமராவைக் கண்டதும் டம்ளரை மறைத்து, தொப்பியைச் சரிசெய்து, சிரித்தார். இடது பக்கத்திலிருந்து இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார். அவர் தோளுக்குப் பின்னால் அத்தனை பெண்களும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் மணி இரண்டு முப்பத்தொன்று.

படத்தை அங்கேயே நிறுத்தினார். "இதை எதுக்கு எடுத்தே?"

"விட்டா கோச்சுக்குவாங்க சார்."

லேப்டாப்பை மூடினார். குரல் சட்டென்று இளகியது. "கார்டு கெட்டுப்போச்சு. ஒண்ணும் பதிவாகல. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ. முகமும் வேணாம், பேரும் வேணாம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நூறு பேரும் தப்பித்தார்கள், அந்தக் கைக்குழந்தைக்காரி உட்பட. பேனாவைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் அக்கா நினைவுக்கு வந்தாள். பதிவாகவே இல்லை என்று நானே எழுதிக் கொடுத்தால் ஸ்டுடியோவில் இருக்கும் பிரதியை எந்த நீதிபதி நம்புவார்? எறியாத கல் எறிந்த கல்லாகிவிடும். ஐந்து பேரா, நூறு பேரா? எனக்கு இன்றுவரை விடை தெரியாது. வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ.

"இருபத்திரண்டு வருஷத்துல என் கார்டு ஒண்ணுகூடக் கெட்டதில்ல சார்."

"அதனால?"

"கெட்டுச்சுன்னு எழுதினா என்னை எவன் சார் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்?"

என்னை முறைத்தார். லேப்டாப்பை மறுபடி திறந்து என் பக்கம் திருப்பினார். ஒரு வெள்ளைத்தாளை இழுத்து வைத்துக்கொண்டு, என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினார். "சரி. பேரைச் சொல்லு, எழுதிக்கறேன்."

யார் பேரைச் சொல்வது, யார் பேரை விடுவது என்று ஒன்றும் ஓடவில்லை. திரையைப் பார்த்தேன். நிறுத்திய இடத்திலேயே, இரண்டு முப்பத்தொன்றில், அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் பேரைச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் எழுதவில்லை.