திரையைத் தாண்டிய கருவாட்டு வாசம்

திரேஸ்புரத்து ஞானதீபம் இன்ஸ்டாகிராமில் போட்ட மூன்றாவது வீடியோவிலிருந்து கருவாட்டு வாசம் வெளியே வந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் வந்தது. கோயம்புத்தூரில் ஒருவர் கைபேசியைப் பழுது பார்க்கக் கொடுத்தார். கடைக்காரர் திறந்து முகர்ந்துவிட்டு, போனில் கோளாறு ஒன்றுமில்லை, நெத்திலிதான் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சென்னை மெட்ரோவில் ஒரு பெட்டி முழுவதும் மூக்கைப் பிடித்தது. அதில் பாதிப்பேர் இறங்குவதற்குள் ‘தீபம் கருவாடு’ என்ற பக்கத்தின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மழைக்காலத்தில் வாசத்தில் லேசாக ஈரம் இருக்கும். அப்போது, ‘இன்னும் ஒரு வெயில் வேணும்க்கா’ என்று வாடிக்கையாளர்களே எழுதினார்கள். தீபமும் காயவைத்து அனுப்பினாள்.

அவளுக்கு இதில் பெருமை இருந்ததா என்றால், முதலில் இல்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் பஸ்ஸில் அவள் பக்கத்தில் இருந்த ரம்யா என்ற பெண், ‘நாத்தம்’ என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள். அதற்குப் பிறகு எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்க்காமல் தீபம் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. கல்யாணத்தன்றும் தேய்த்தாள். கருவாடு போடுகிற ஒருத்தி, அதை மறைக்கிற ஒருத்தி என்று இரண்டு பேராக வாழப் பழகியிருந்தாள். ஒருவேளை அதனால்தான் தன்னிடம் பேச வருகிற எவரையும் அவளால் பதிலில்லாமல் விட முடியவில்லை. யார் வீட்டுப் பிள்ளைக்குச் சாளை பிடிக்கும், யாருக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வியாபாரம் வளர்ந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் மீன் கீற, கருவாடு காயும் அவள் களத்துக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டு உலையும் அந்தக் கைபேசியை நம்பித்தான் கொதித்தது.

அப்போது ஒருத்தி எழுதினாள்: ‘பொருள் சூப்பர் சிஸ்டர், நாத்தம்தான் தாங்கல.’ குவிந்து கிடந்த பாராட்டெல்லாம் தீபத்துக்கு மறந்துபோனது. இந்த ஒரு சொல் அவளோடு படுத்து அவளோடு எழுந்தது. மாதா கோயில் பக்கத்துக் கடையில் இருப்பதிலேயே கனத்த சாம்பிராணியை, ஆளடக்கத்துக்குப் போடுவதை, வாங்கி வந்து புகைத்துவிட்டு அடுத்த வீடியோவை எடுத்தாள்.

அந்த வாசமும் திரையைத் தாண்டிப் போனது. பார்த்த ஊரெல்லாம் சாவு வீடு மணத்தது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதினார்கள். துக்க வீட்டில் போய்க் கருவாடு கேட்பதா என்று ஒருவரும் ஆர்டர் போடவில்லை. எல்லோரும் நல்லா இருக்கோம் என்று அவள் பதில் எழுத எழுத, ‘தைரியமா இருங்கக்கா’ என்றார்கள். மீன் கீற வந்த பெண்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டும் அவள் கணவனின் அக்கா பேபி வந்து சத்தம் போட்டாள்.

“ஏளா தீபம், எந்தம்பி நல்லாத்தான இருக்கான்? அவனத்தான் செத்துட்டாம்னு சொல்லுதாவ. அந்தச் சாம்பிராணிய அணைச்சித் தொல.”

“அணைச்சா நாறும் மைனி.”

“கருவாடு பின்ன மல்லியப்பூவாட்டமா மணக்கும்?”

மறுநாள் சாத்தான்குளத்திலிருந்து செந்தூர்வேல் அண்ணாச்சி ரோஜாமாலையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அவருடைய மளிகைக்கடைக்கு மாதாமாதம் சீலாக் கருவாடு இவளிடமிருந்துதான் போகிறது.

“யாரும்மா தவறுனது?”

“யாருமில்ல அண்ணாச்சி.”

“பொறவு எதுக்கு இந்த வாசம்?”

தீபத்திடம் மாலையை நீட்டினார். மாலையைக் கையில் வாங்கியபோதுதான், தான் இத்தனை வருஷமாக எலுமிச்சை தேய்த்து யாரைக் குளிப்பாட்டிக் கிடத்தி வைத்திருந்தோம் என்பது அவளுக்கு விளங்கியது. மாலையைக் கைபேசி மாட்டும் ஸ்டாண்டின் கழுத்தில் போட்டாள். சாம்பிராணித் தணலை மண்ணில் கொட்டி மிதித்தாள். லைவைப் போட்டு, சீலாப் பானையின் மூடியைத் திறந்தாள்.

“நான் ஞானதீபம். உசுரோடதான் இருக்கேன். இதுதான் என் வாசம். பிடிச்சவிய நில்லுங்க, பிடிக்காதவிய போங்க.”

அன்றைக்குப் போனதுபோல் வாசம் அதற்கு முன் போனதில்லை. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற கப்பலில் மாலுமிகள் சோற்றுத் தட்டோடு மேல்தளத்துக்கு ஏறி வந்தார்கள். துபாயில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் சாப்பாட்டு மணி அடிக்காமலே ஆட்கள் கையைக் கழுவினார்கள். பிடிக்காமல் போனவர்கள் சிலர்தான். ஆர்டர்கள் வந்து விழ, பேபி தெருவில் இறங்கிப் பெண்களைக் கூப்பிட்டாள். நடுவில் ஜெர்மனியிலிருந்து ஒரு பெயர் வந்தது.

‘தீபம், ஒன்பதாம் கிளாஸ் ரம்யா. இங்க கருவாடு அனுப்ப விடமாட்டாங்க. நாளைக்கும் இதே நேரம் வருவியா? சோத்தப் போட்டுக்கிட்டு உன் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்.’

தீபம் அதை மறுபடி படித்தாள். பிறகு எல்லோருக்கும் எழுதுவதுபோலவே அவளுக்கும் எழுதினாள்: ‘வா, உக்காரு.’

இப்போதெல்லாம் சில ஊர்களில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், அசைவம் சமைக்கக் கூடாது, தீபத்தின் லைவும் பார்க்கக் கூடாது என்று சேர்த்துச் சொல்கிறார்கள். திரேஸ்புரத்தில் சாயங்கால வெயில் களத்தில் சாயும்போது ஜெர்மனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். தீபம் நெத்திலியைப் புரட்டிப் போட்டுவிட்டு, அதே கையோடு வந்து உட்காருகிறாள்.