தலைமாறி உட்கார்ந்த பம்ப்

என் மச்சினன் எனக்குத் தரவேண்டியது பதினோராயிரத்து நானூறு. கம்ப்யூட்டர் வாங்கக் கேட்டான், கொடுத்தேன். திங்கட்கிழமை மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்டியாக வேண்டும். சனிக்கிழமை காலை, கட்டடத்தின் அடித்தளத்தில் பம்ப் முன்னால் நின்றுகொண்டு இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

பம்புக்கு இரண்டு வாய். தண்ணீரை வாங்குவது பெரிய வாய், விடுவது சின்ன வாய். நான் இறக்கி வைத்திருந்த பெரிய பைப் சின்ன வாய்க்கு நேரே வந்து நின்றது. சின்ன பைப் பெரிய வாய்க்கு நேரே. பைப் இரண்டையும் மாடலில் இருந்தபடி விரற்கடை பிசகாமல்தான் தொங்கவிட்டிருந்தேன். மாடல் போட்டவன் என் மச்சினன். மேலே ஆபீசில் உட்கார்ந்து, கட்டடத்தையே கம்ப்யூட்டருக்குள் கட்டி, எந்த பைப் எந்த மெஷினில் எங்கே போய்ச் சேரவேண்டும் என்று வழி போடுவது அவன் வேலை. எந்நேரமும் கையில் மவுஸ் இருப்பதால் சைட்டில் அவனுக்கு எலிக்காரன் என்று பெயர்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார்.

"பைப்பு ஒரு பக்கம் பாக்குது, பம்பு ஒரு பக்கம் பாக்குது. புருசன் பொண்டாட்டி சண்டையா? யார் தப்புன்னு மதியத்துக்குள்ள சொல்லு. சரிபண்ற செலவு அவங்க சம்பளத்துல போயிடும்."

அவன் தப்பு என்றால் எனக்கு வரவேண்டியது அவன் சம்பளத்தோடு போகும். என் தப்பு என்றால் என் கூலியே போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவன் தப்புதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஆபீசுக்குப் பாதிப் படி ஏறினேன், இறங்கினேன். ஸ்பேனரைத் தேடினேன். அது இடுப்பிலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"தம்பிகிட்ட பணம் கிணம்னு கேட்டு வைக்காதீங்க. புதுசா சேர்ந்தவன்."

"உன் தம்பி போட்ட கோட்டுலதான் நான் தொங்கிட்டிருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, மிச்சப் படியையும் ஏறினேன்.

"மாப்ளே, வாயை இடம் மாத்திப் போட்டிருக்கே. தூக்கத்துல போட்டியா?"

"உக்காருங்க மாமா."

"உக்கார வரல."

அவன் திரையை என் பக்கம் திருப்பினான். பெரிய பைப்பை இழுத்துப் பெரிய வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான், போய் ஒட்டிக்கொண்டது. அதையே சின்ன வாய்க்குக் கொண்டுபோனான். ஒட்டவில்லை, சிவந்துபோய் நின்றது.

"பம்பு கம்பெனிக்காரன் குடுத்த படம் மாமா. அளவு பொருந்தாத வாயில அது சேராது."

"உன் பொட்டிக்குள்ள எல்லாம் சேரும். கீழ வந்து பாரு."

"ஹெல்மெட் இல்லையே."

"தலை இருக்கிறவனுக்குத்தான் அது. வா."

கீழே வந்தவன் பம்பைச் சுற்றி இரண்டு நடை நடந்தான்.

"மோட்டார் ஏன் மாமா சுவத்துப் பக்கம் இருக்கு?"

"எந்தப் பக்கம் இருந்தா என்ன?"

"மாடல்ல கதவுப் பக்கம். ரிப்பேருன்னா கழட்டி எடுக்க அங்கதான் இடம் விட்டிருக்கு."

பம்பின் வயிற்றில் இன்னும் பிரிக்காமல் இருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்தான். உள்ளே, தண்ணீர் போகும் திசையைக் காட்ட இரும்பிலேயே வார்த்த அம்புக்குறி. தண்ணீர் வரவேண்டிய பைப்பைப் பார்த்துத் திரும்பி நின்றது.

வியாழக்கிழமை பம்பை இறக்கும்போது கை காட்டியவன் நான். மோட்டார் கனம் என்று அந்தப் பக்கத்தை முதலில் உள்ளே விட்டோம். நுழைந்தபடியே உட்காரட்டும், ஒரு திருப்பு மிச்சம் என்று நினைத்தேன். வாய் இரண்டிலும் மூடி இருந்ததால் எது பெரியது என்று கண்ணில் படவில்லை. அடியில் ஊற்றிய சிமெண்டும் இறுகிவிட்டது.

"பைப்பை மாத்தி விட முடியுமாடா?" என்றேன். 

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டான். மேலே கொண்டுபோனால் காற்றுக் குழாய் இடித்தது. பக்கத்தில் கேபிள். கீழே விட்டால் ஆள் நடக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் சிவப்பு. நான் அவன் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தேன்.

"நடக்காதீங்க மாமா, தலை சுத்துது. எப்படி விட்டாலும் மோட்டாரை வெளிய எடுக்க முடியாது. பம்பைத்தான் திருப்பணும்." லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னான்: "மாடல் தப்புன்னு நான் சொல்லிடட்டுமா?"

"வேணாம். உன் வேலை போச்சுன்னா உங்கக்கா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

நானே சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். உடைக்க, திரும்பச் சிமெண்ட் ஊற்ற, பம்பைத் தூக்கும் செயின் பிளாக் வாடகை எல்லாம் சேர்த்து பத்தாயிரத்துத் தொள்ளாயிரம் என்றார். இன்றைக்கே பிடிப்பேன் என்றார்.

சாயங்காலம் கூலி வாங்கப் போகும்போது, மகளிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கவரைப் பிரித்தால் கூலி முழுசாக இருந்தது.

"எலிக்காரர் கட்டிட்டாரு" என்றார் காசாளர்.

அவன் கேட் பக்கத்தில் நின்றிருந்தான்.

"யாரைக் கேட்டுக் கட்டினே? பணம் ஏது?"

"சம்பளத்துல முன்பணம் வாங்கினேன். உங்களுக்குத் தரவேண்டியதுதானே மாமா. உங்க கையில குடுத்தா என்ன, அவங்க கையில குடுத்தா என்ன." சொல்லிவிட்டுச் சிரித்தான். "ஐநூறு பாக்கி இருக்கு."

"நாளைக்குப் பம்பைத் திருப்பணும். செயின் இழுக்க ஒரு ஆள் குறையுது. வந்து இழு. ஐநூறைக் கழிச்சுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டோடு வந்தான். மத்தியானத்துக்குள் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டன. பம்ப் திரும்பி உட்கார்ந்தது. பெரிய பைப்புக்கும் பெரிய வாய்க்கும் ஓட்டைகள் நேருக்கு நேர் நின்றன. முதல் போல்ட்டை அவனையே போடச் சொன்னேன். ஊதி ஊதிக் கையை ஆற்றிக்கொண்டு முடுக்கினான். எங்கள் கணக்கு அதோடு முடிந்தது.