கலைமான்களை விற்ற கொட்டகைக்காரன்

"இந்த வருஷமும் ஆட்டம் உண்டா?" என்று கார்லீனிடம் கேட்கிறவன் உள்ளூர்க்காரனாக இருக்க முடியாது. டிசம்பர் வந்தால் ஏரி உறையும், கார்லீன் வீட்டு நிலவறையில் கிறிஸ்துமஸ் ஆட்டம் நடக்கும். இரண்டில் எது தவறினாலும் விஸ்கான்சினுக்கே ஏதோ கேடு வந்துவிட்டது என்று அர்த்தம். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள்தான் நடத்துகிறாள். பலகை கிடையாது, சீட்டு கிடையாது. அவள் ஒரு கதையைத் தொடங்குவாள். மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு வேஷத்தில் அந்தக் கதைக்குள் இறங்கி, நான் இதைச் செய்கிறேன், இதைச் சொல்கிறேன் என்பார்கள். அது பலிக்குமா என்று இருபது முகப் பகடை சொல்லும். மீதி எல்லாம் கார்லீன் வாக்கு. கதையில் வருகிற மற்ற ஆட்கள் எல்லோருக்கும் அவளே வாய், அவளே மனசு. அவள் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கூடாது. ஆட்டத்தின் சட்டமே அது. கார்லீனுக்கு அது பிறவிக் குணமும்கூட.

அவளுடைய அண்ணன் மெர்லும் தம்பி ஆரினும் அந்த மேஜையில் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். நாலு வருஷமாக இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. அதற்கு முன்னால் அப்பாவின் பால் பண்ணையை இருவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். ஒரு பிப்ரவரியில் கொட்டகை வாசல் பனிக்கட்டியில் மாடு ஒன்று சறுக்கி ஆரின்மேல் விழுந்தது. இடுப்பெலும்பு நொறுங்கிப்போய் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மெர்ல் மாடுகளை ஒன்று விடாமல் ஏலத்தில் விற்றுவிட்டான். ஆரின் வீடு திரும்பியபோது கொட்டகையில் ஒரு மாடு இல்லை. பால் விலை விழுந்ததும் மெர்ல் பயந்துவிட்டான் என்று ஊர் பேசியது. மெர்ல் வாய் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து ஆரின் வாயில் அண்ணன் பெயர் வந்ததில்லை; 'அந்த ஆள்' என்பதோடு சரி.

ஆனால் விட்டுக்கொடுக்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. அவன் வருகிறான் என்பதற்காக என் நாற்காலியை நான் ஏன் விடவேண்டும் என்று இருவருமே டிசம்பர் தவறாமல் வந்தார்கள். ஆட்டத்தில் மெர்ல், ஹொப்ராக் என்ற குள்ளர் படைத்தலைவன். ஆரின், தலியன் என்ற காட்டு வில்லாளி. வேஷத்தில் இருந்தால் பேசலாம், அது பேச்சில் சேராது என்று இரண்டு மடையர்களும் தங்களுக்குள் முடிவு கட்டியிருந்தார்கள். "குள்ளர் குலத் தலைவரே, அந்தக் கிரிங்கில் ரொட்டித் தட்டை இப்புறம் நகர்த்துவீராக" என்பான் ஆரின். "பெற்றுக்கொள்வீர், வில்லாளரே" என்று மெர்ல் தட்டைத் தள்ளுவான். பக்கத்து வீட்டு லூவெல்லா, ஆட்டத்தில் கைதேர்ந்த திருடியாக வருகிறவள், சிரிப்பை அடக்கமுடியாமல் பிராந்தியைப் புரையேற்றிக்கொள்வாள்.

இந்த வருஷம் சிரிக்கிற நிலைமை இல்லை. மெர்ல் வீட்டை விற்றாயிற்று. புத்தாண்டு முடிந்ததும் மூட்டுவலிக்கு வெயில் தேடி அரிசோனா போகிறான். இன்றைக்கு விட்டால் இனி யார் வீட்டிலாவது சாவு விழுந்தால்தான் இவர்கள் இருவரும் ஓர் அறையில் நிற்பார்கள். கார்லீனுக்கு அது தெரியும். இன்று இவர்களைப் பேசவைக்காவிட்டால் நான் இத்தனை வருஷம் ஆட்டம் நடத்தியதற்கு அர்த்தமே இல்லை என்று முடிவு செய்துகொண்டுதான் அவள் மேஜைக்கு வந்தாள்.

தன் குறிப்புகள் மற்றவர்கள் கண்ணில் படாதபடி முன்னால் அட்டைத் தடுப்பை நிறுத்தி, தொண்டையைச் செருமி, ஆரம்பித்தாள். வடதுருவம். கிறிஸ்துமஸ் தாத்தா காய்ச்சலில் படுத்திருக்கிறார். கண் விழித்துக் கொட்டகைக்குப் போனால் அவர் பரிசு வண்டியை இழுக்கிற கலைமான் ஒன்றுகூட இல்லை. தாத்தா படுத்த நேரம் பார்த்து, கொட்டகைக்காரன் அத்தனையையும் விற்றுவிட்டான்.

ஆரின் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். மெர்ல் தன் பகடையை உற்றுப் பார்த்தான். லூவெல்லா குனிந்து, "உனக்குக் கொழுப்புடி" என்று கார்லீன் காதில் சொன்னாள். கார்லீன் கண்டுகொள்ளவில்லை. கொட்டகைக்காரன் காலில் விழுவான், ஆரின் ஆத்திரம் தீரத் திட்டுவான், அப்புறம் மனசு இளகும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

பனிக்காட்டில் அலைந்து, ஓநாய்களை விரட்டி, வெளியே ஊரில் இருட்டும் முன்பே கொட்டகைக்காரனைப் பிடித்துவிட்டார்கள். தலியன் அம்பைத் தொடுக்கிறான் என்றான் ஆரின். குரலில் விளையாட்டு இல்லை. உருட்டப் பகடையை எடுத்துவிட்டான்.

"பொறுப்பீர், வில்லாளரே" என்றான் மெர்ல். "இவன் ஏன் விற்றான் என்று முதலில் வினவுவோம்."

கார்லீன் உடனே கொட்டகைக்காரன் குரலுக்கு மாறினாள். "நல்ல விலை வந்துச்சு எஜமான். ஆசைப்பட்டுட்டேன்."

"இல்ல" என்றான் மெர்ல். "அவன் அதுக்கு விக்கல."

அவள் படைத்த ஆள், அவள் சொன்ன காரணம். அதை மறுத்துப் பேச அந்த மேஜையில் இதுவரை ஒருவரும் துணிந்ததில்லை. கார்லீன் வாயைத் திறந்தாள். சரி, வேறென்ன காரணம் இருக்கும் என்று அவளுக்கே தோன்றியது. அண்ணன் ஏன் விற்றான் என்று ஊர் சொன்னதைத்தான் அவளும் நம்பியிருந்தாள், ஒரு தடவைகூட அவனைக் கேட்டதில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா?

"அப்ப நீயே சொல்லு" என்றாள். "அவன் இனிமே உன் ஆளு."

மெர்ல் யாரையும் பார்க்கவில்லை. படைத்தலைவனின் தோரணையில்தான் தொடங்கினான். "கேளுங்கள், வீரர்களே. தாத்தா நோயுற்றுக் கிடந்தபோது மருத்துவர் இவனைத் தனியே அழைத்து..." அத்தோடு அந்தப் பேச்சு உடைந்துவிட்டது. "இன்னொரு தடவ அந்தக் கொட்டகையில வழுக்குனா இந்த ஜென்மத்துல நடக்கமாட்டாருன்னு டாக்டர் சொன்னாரு. தாத்தா சொன்னாக் கேக்கறவரா? படுக்கையில இருந்துகிட்டே நர்ஸுகிட்ட பூட்ஸ் எங்கேன்னு கேக்கறாரு. மாடு இருக்கற வரைக்கும் போவாரு. அதான் இவன் வித்தான். வித்துட்டு, திட்டட்டும்னு இருந்துட்டான். திட்டட்டும். நடந்துகிட்டே திட்டட்டும்."

கலைமானை மாடு என்று சொல்லிவிட்டதை அவன் கவனிக்கவே இல்லை.

ஆரின் பகடையை மேஜைமேல் வைத்தான். உருட்டவில்லை.

"மெர்ல்" என்றான்.

கார்லீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த நிமிஷத்துக்கென்று எத்தனையோ பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். எதையும் சொல்லாமல் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டான் ஆரின்.

"சொல்லியிருந்தா ஊன்றுகோலோட கொட்டகைக்குப் போயிருப்பே."

"போயிருப்பேன்" என்று ஆரின் ஒப்புக்கொண்டான். "ஆனாலும் அது என் மாடும்தான். என்னைக் கேட்டிருக்கணும் நீ."

"கேட்டிருக்கணும்தான்" என்றான் மெர்ல்.

உடனே கட்டிப்பிடித்து அழுகிற ஜாதி இல்லை இவர்கள். ஆரினுக்குக் கோபமும் முழுசாகப் போய்விடவில்லை. அம்பு இன்னும் வில்லில்தானே இருக்கிறது, என்ன செய்யப்போகிறோம் என்று லூவெல்லா மெல்லக் கேட்டுப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

"எப்பக் கிளம்பறே?" என்று கேட்டான் ஆரின்.

"மூணாம் தேதி. லாரி காலையில வருது."

"சாமான் ஏத்த ஆளு?"

"பாத்துக்கலாம். உன் இடுப்ப வெச்சுகிட்டு நீ வந்து..."

"என் இடுப்பப் பத்தி நீயே முடிவு பண்ணாதே. என்னைக் கேளு."

மெர்ல் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தித் தம்பியைப் பார்த்தான். அந்தக் குடும்பத்தில் யாருக்குமே கேட்டுப் பழக்கமில்லை.

"வந்து ஏத்தித் தர்றியா?"

"வர்றேன்" என்றான் ஆரின்.