ஊக்குப் போட்ட செருப்பு

கப்பலின் எட்டாவது மாடியில், கடல் பக்கத்துக் கம்பித் தடுப்பின் ஓரமாக, சென்னியம்மாளின் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. வார் அறுந்து ஊக்குப் போட்ட நீல ரப்பர் செருப்பு. இரண்டாயிரம் பேர் போகிற கப்பலில் இப்படியொன்று வேறு யார் காலிலும் இருக்காது. அவள் புருஷன் தங்கசாமி ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

எட்டிப் பார்த்தார். கீழே தண்ணீர் ஒரே கருநீலமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு ராசிபுரத்துப் பக்கம் கோழித் தீவன ஏஜென்சி. நன்றாக விற்றுக் கொடுத்ததற்காகக் கம்பெனிக்காரர்கள் நாற்பது ஏஜென்டுகளைக் குடும்பத்தோடு சென்னையில் கப்பலேற்றியிருந்தார்கள். இன்றைக்கு எந்தக் கரையும் கிடையாது, நாள் முழுக்கக் கடல்தான், நிம்மதியாக ஓய்வெடுங்கள் என்று காலையிலேயே மைக்கில் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் சென்னியம்மாளுக்கு ஓய்வெடுக்கத் தெரிந்தால்தானே? காலைச் சாப்பாட்டில் எல்லோருடைய எச்சில் தட்டுகளையும் அடுக்கி, மேசையை முந்தானையால் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து மேசை ஏஜென்டுகள் சிரித்தார்கள். தங்கசாமிக்குச் சுர்ரென்று ஏறியது. “ஒரு எடத்துல சும்மா உக்காரத் தெரியாதா உனக்கு? எங்கியாச்சும் போய்த் தொலை!” என்று அத்தனை பேர் முன்னால் கத்தினார். அவள் எழுந்து போனாள். மனுஷன் இரண்டாவது தோசையை நிதானமாகச் சாப்பிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கும் அவள் வரவில்லை. அதற்கப்புறம்தான் தேடக் கிளம்பினார்.

கிணற்று மேட்டில் செருப்பு தனியாகக் கிடந்தால் என்ன அர்த்தம் என்று அவர் ஊரில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாலிபத்தில் ஒருமுறை பிணத்தைத் தூக்கக் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கியவர் அவர். கிணற்றுக்காவது அடி உண்டு. இதற்கு?

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். சமையற்கட்டு வாசல், பாத்திரம் எடுத்துவைக்கிற இடம், துணி துவைக்கிற அறை எல்லாம் பார்த்தார். அவள் வேறெங்கே இருப்பாள்? நீச்சல் குளத்தைத் தாண்டி, சாய்வு நாற்காலி வரிசையைத் தாண்டி இரண்டு சுற்று வந்தார். குலசாமி பெயரை வாய்விட்டுச் சொன்னார்.

பெண்டாட்டியைக் காணோம் என்றதும் வரவேற்பு மேசையில் இருந்த பெண், தமிழ்ப் பெண்தான், அன்பாகக் கேட்டாள். “என்ன கலர் சேலைங்க சார்?”

தங்கசாமி வாயைத் திறந்தார். தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் கூடவே குடும்பம் நடத்தியவள் காலையில் என்ன சேலை கட்டியிருந்தாள் என்று தெரியவில்லை.

“நாந்தானுங்க போய்த் தொலைன்னு சொன்னேன்” என்றார். கேட்டதற்கு அது பதிலில்லை. அந்தப் பெண் முகம் மாறிப்போய்ப் போனை எடுத்தாள்.

அவரால் அங்கே நிற்க முடியவில்லை. மறுபடி எட்டாவது மாடிக்கே ஏறினார். சாய்வு நாற்காலி வரிசையின் கடைசியில் யாரோ ஒரு அம்மாள் வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே நீட்டியிருந்த வெறுங்காலில், பித்த வெடிப்பும் தேய்ந்த மெட்டியும்.

இரண்டு தடவை இந்தக் காலைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறார். படுத்திருக்கிற பொம்பளைகளை அவர் பார்க்கவே இல்லை. பகலில் அவள் படுத்து அவர் பார்த்ததே கிடையாது. வேலை செய்கிற ஒருத்தியைத்தான் கப்பல் முழுக்கத் தேடியிருந்தார்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். சத்தம் கேட்டு விழித்தவள், அவரைப் பார்த்ததும் துண்டை உதறிவிட்டுத் துள்ளி எழுந்தாள். முகமெல்லாம் பயம்.

“ஏனுங்க, நேரமாயிருச்சுங்களா? காவேரிப் பாலத்துல போடற மாதிரி கடலம்மாவுக்கு ஒரு ரூவா போட்டனுங்க. செருப்போட போடக்கூடாதுன்னு கழட்டுனேன். காத்து சொகமா இருந்துச்சு, செத்த சாஞ்சுட்டேன். இனி படுக்கலீங்க.”

இத்தனை நேரம் தன் நெஞ்சில் இருந்த அதே பயம் அவள் கண்ணில் இருந்ததைத் தங்கசாமி பார்த்தார். தனக்கு ஒரு மணி நேரம். அவளுக்கு எத்தனை வருஷமோ. வெட்கமாக இருந்தது.

செருப்பை அவள் காலடியில் வைத்தார். “படு புள்ள. இன்னும் செத்த நேரம் தூங்கு. நான் இங்கியே உக்காந்திருக்கறேன்.”

அவள் படுக்கவில்லை. அவரை உற்றுப் பார்த்தவளுக்குப் பயம் இன்னும் கூடியது. பதறிப்போய் அவர் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

“என்னுங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?”