தாலி கட்டினால் பாட்டுப் போடலாம்

மில்லர்புரத்துக் கல்யாண மண்டபத்தின் வாசலில், ஃபிளெக்ஸில் ஆவுடையப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'அறுபதாவது பிறந்தநாள்' என்று போட்டிருந்தது. அதுதான் வினையாகிப்போனது.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி தங்கத்தாய் அறுபதாம் கல்யாணம் நடத்தலாம் என்றபோது, "பேரன் பேத்தி முன்னால மாலையும் கழுத்துமா நிக்கச் சொல்லுதியா?" என்று கூசிப்போனார். மாலை வேண்டாம், தாலி வேண்டாம், சாப்பாடும் பாட்டும் போதும் என்று முடிவாயிற்று. மகள் பேச்சிச்செல்வி அப்படியே ஃபிளெக்ஸ் அடித்துவிட்டாள்.

பாட்டுக்கு வந்தவள் ஜெப்ஸி. வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் டிஜே போடுகிற பெண். அவளிடம் தங்கத்தாய் போனில் 'கல்யாணம்' என்றுதான் சொல்லியிருந்தாள். பொய்யில்லை, அவள் மனசில் அது கல்யாணம்தான்.

ஆவுடையப்பனோடு தங்கத்தாயின் முதல் கல்யாணம் ஏரல் பக்கம், வயல்களுக்கு நடுவில் இருந்த ஊரில் நடந்தது. தென்னையில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் பாட்டு யாருக்குச் சொந்தம் என்று எவரும் கேட்டதில்லை கண்ணுகளா. நாற்று நடுகிறவர்களும் வாய்க்காலில் துணி துவைக்கிறவர்களும் சேர்ந்தே கேட்டார்கள். தங்கத்தாய் ஆசையாகச் சொல்லிவிட்ட பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாதியில், அடுத்த ஊர் முகூர்த்தத்துக்கு நேரமாயிற்று என்று மைக்செட்காரர் மரமேறிக் குழாயை அவிழ்த்துவிட்டார். சைக்கிளில் அது வரப்பு வழியே போவதை மணவறையிலிருந்தே பார்த்தாள் மணப்பெண்.

பிறகு எந்த ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தாலும் எழுந்துபோய் அணைத்துவிடுவாள். "எங் கல்யாணத்துலதான் முழுசா கேப்பேன்" என்பாள். வீடே சிரிக்கும்.

தங்கத்தாய் போனில் கேட்டுக்கொண்டபடி, ஜெப்ஸி அந்தப் பாட்டைத்தான் முதலில் எடுத்து வைத்திருந்தாள். மண்டப மேனேஜர் தேவபிரசாதம் மேடைக்கு வந்தார்.

"லைசென்ஸ் எடுத்திருக்கியாம்மா?"

"கல்யாணத்துக்கு வேண்டாம்னு சட்டத்துலேயே இருக்கே சார்."

"வாசல்ல என்ன போட்டிருக்கு பாரு. பிறந்தநாளுக்குன்னா வேணும். போன மாசந்தான் எங்க முதலாளிக்கு நோட்டீஸ் வந்துச்சு."

"காசு குடுத்து வாங்குன பாட்டுதானே?" என்று பேச்சிச்செல்வி இடையில் புகுந்தாள். ஜெப்ஸி அவள் பக்கம் திரும்பினாள்.

"அது நான் மட்டும் கேக்கதுக்கு, அக்கா. ஊரக் கூட்டிவச்சுப் போடணும்னா பாட்டுக்குச் சொந்தக்காரங்ககிட்ட தனியா அனுமதி வாங்கணும். மொதல்லயே பிறந்தநாள்னு சொல்லியிருந்தா எடுக்கச் சொல்லியிருப்பேன். இனிமே எழுதிப்போட்டு அது வர்றதுக்குள்ள பந்தி முடிஞ்சிரும்."

"நான் கல்யாணம்னுதானே சொன்னேன்" என்றாள் தங்கத்தாய், சின்னக் குரலில்.

"தாலி கட்டினா கல்யாணம்தாம்மா. கட்டலையே" என்றார் மேனேஜர்.

தங்கத்தாயின் தம்பி தங்கப்பாண்டி துள்ளி எழுந்தான். "அத்தான், அப்பம் கட்டிப்போடும்! கண்டெய்னரத் தூக்குனவருக்கு ஒரு கயிறு கட்ட முடியலையாக்கும்?"

மண்டபம் கலகலத்தது. சமையல்காரரிடமிருந்து மஞ்சள் கிழங்கு வந்தது, பூக்காரியிடமிருந்து நூல் வந்தது. ஆவுடையப்பன் கையில் யாரோ இரண்டையும் சேர்த்துக் கட்டித் திணித்தும்விட்டார்கள்.

தங்கத்தாய் எழுந்துவிட்டாள். "லைசென்ஸ் இல்லேங்கிறதுக்காக எனக்கு ஒரு தாலியா? வேண்டாம். பாட்டும் வேண்டாம்."

சிரிப்பு அடங்கிப்போயிற்று. ஆவுடையப்பன் நூலைப் பார்த்தார். பிறகு மேடைப் பக்கம் திரும்பினார்.

"தாயி, பெட்டியெல்லாம் அணைச்சிரு. வயரச் சுருட்டி வேன்ல ஏத்து."

ஜெப்ஸி தயங்கினாள்.

"ஏத்து தாயி. இன்னைக்குப் பாட்டு கெடையாது."

கடைசி வயரும் வெளியே போகும்வரை காத்திருந்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. பேரப்பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏளா, இப்பம் கட்டுதேன். சம்மதமா?"

தங்கத்தாய் அவரையே பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். பெண்கள் போட்ட குலவையில் விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

முடிச்சுப் போட்டு அவர் நிமிர்ந்தபோது தேவபிரசாதம் முதலாளியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா சார், கல்யாணந்தான்... சந்தேகமே இல்ல சார், நானே அட்சதை அரிசி எடுத்துப் போட்டேன்." போனை மூடிவிட்டு, "ஏம்மா, வேனத் திருப்பு!" என்று வாசலைப் பார்த்து ஓடினார்.

ஜெப்ஸி மறுபடி எல்லாவற்றையும் இறக்கிச் சொருகுவதற்குள் பாதிப்பேர் பந்திக்குப் போய்விட்டார்கள். பாட்டு தொடங்கியது. இரண்டு பேரும் நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆவுடையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

தங்கத்தாய் அவர் கையை அழுத்தினாள். "பேசாம இரும். நான் கேக்காத பாதி இனிமேத்தான் வருது."